எண்ணாலும் எழுத்தாலும்

சேவுகன் ஓட்டும் புல்லட்டில்
பின்பக்கம் திரும்பி உட்கார வேண்டும்.
மடியில் கரும்பலகை,
கழுத்தில் விநாடிக் கடிகாரம்,
சுடிதார் பையில் ஆறு சாக்பீஸ்.
முன்னால் போகிறவளுக்கும் பின்னால் வருகிற கூட்டத்துக்கும்
நடுவில் எவ்வளவு என்று எழுதிக் காட்ட வேண்டும்.
அவ்வளவுதான் என் வேலை.

பதினெட்டு தாண்டாத பெண்கள், நூற்று மூன்று பேர்.
முப்பத்தொரு நாடு.
ஒருத்தி பாஷையும் எனக்குத் தெரியாது,
என் எண்ணை எல்லோரும் படித்துவிடுவார்கள்.

மற்ற நாட்களில்
தேவகோட்டை சப்-ரிஜிஸ்தார் ஆபீஸ் வாசலில்
பத்திரம் எழுதுகிறேன்.
அங்கே ஒரு தொகையை இரண்டு தடவை எழுத வேண்டும்,
எண்ணாலும் எழுத்தாலும்.
அடித்தல் திருத்தல் இருந்தால் ஓரத்தில் கையெழுத்து.
இந்தப் பலகையில் ஓரமே இல்லை.

காரைக்குடியில் கொடி விழுந்ததிலிருந்து
கோட்டையூர் வரை ஒரே கொத்து.
ஒருத்தி இருமினால் நூறு சக்கரம் விலகுகிறது.
பள்ளத்தூர் நெருங்கும்போது
அறுபத்து நாலு பிரிந்தாள்.
"எந்த நாடுடா?"
"எரித்ரியாவாம்க்கா.
காலைல எட்டு இடியாப்பம், தேங்காய்ப்பால் தனியா."

0:12
0:20
0:41
ஆடி மாதம்.
அம்மி பறக்கும் என்கிற காற்று
செம்மண்ணை அள்ளிக்கொண்டு நேர் எதிரே வருகிறது.
நாற்பத்தாறு கிலோ இருப்பாள்.
பறக்கவில்லை.
முகத்தைக் கைப்பிடிக்குள் புதைத்துக்கொண்டு
காற்றுக்கு அடியில் ஏதோ துவாரம் இருப்பது போல
நுழைந்துகொண்டே இருந்தாள்.
0:36

செட்டிநாடு ஸ்டேஷனுக்கு முந்திய கேட்
மூடாது என்று எழுதியே கொடுத்திருந்தார்கள்.
மூடிவிட்டது.
எங்கிருந்தோ ஒரு கூட்ஸ்,
நிலக்கரி, அவசரமே இல்லாமல்.

விதி என்ன என்று முந்தின நாள் சொல்லியிருந்தார்கள்.
முப்பது விநாடியும் அதற்கு மேலும் இருந்தால்
கேட் திறந்ததும் அவளை முன்னால் விட்டு
அந்த இடைவெளியைத் திருப்பித் தர வேண்டும்.
குறைந்தால்
அது அவள் தலையெழுத்து.

கடைசி மைல்கல்லில் நான் நின்று அழுத்தியது
இருபத்தொன்பது.

சிவப்புக் காரிலிருந்து நடுவர் இறங்கி
என்னைப் பார்க்கிறார்.
அவர் கடிகாரம் மண் ஏறி நின்றுபோயிருக்கிறது.
அவள் ஒரு காலைத் தரையில் ஊன்றி
என்னைப் பார்க்கிறாள்.
சேவுகன் திரும்பாமலே,
"ஒண்ணு கூட்டிப் போடுங்கக்கா.
யாருக்கு நஷ்டம்?"

இதே குரலில்
"தேதி ஒரு நாள்தானேம்மா" என்று
வாரத்துக்கு மூன்று பேராவது கேட்கிறார்கள்.
எப்போதும் மறுத்தேன் என்று
சத்தியம் பண்ண மாட்டேன்.

0:29

அவள் உதடு அசைந்தது.
எழுத்தால் படித்தாள் என்று நினைக்கிறேன், அவள் பாஷையில்.
கோபிக்கவில்லை. அழவும் இல்லை.
திரும்பி, பெட்டிகளை எண்ண ஆரம்பித்தாள்,
விரலை மடக்கி மடக்கி.
நானும் எண்ணினேன்.
பத்தொன்பதாவது பெட்டியில்
கூட்டம் வந்து அவள் முதுகில் முட்டி நின்றது.
நூற்றிரண்டு பேரின் சூடான மூச்சு.
மஞ்சள் ஹெல்மெட் போட்ட ஒருத்தி
தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.
வாங்கிக் கொஞ்சம் குடித்தாள்,
மீதியைத் தன் பின்கழுத்தில் ஊற்றிக்கொண்டு
காலியைத் திருப்பிக் கொடுத்தாள்.
அதில் எனக்குச் சிரிப்பு வந்தது.

கேட் எழுந்தது.
பெடலில் செருப்பு மாட்டும் சத்தம்,
சூடான மணலில் பொரி வெடிக்கிற மாதிரி,
முதலில் ஒன்று, அப்புறம் எல்லாம்.
துடைத்தேன்.
0:00

கானாடுகாத்தான்.
அத்தனை பெரிய வீடுகளையும்
ஒருத்தி கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.
வளைவில், வலது ஓரமாக,
இருக்கையை விட்டு எழுந்தது ஒரு முதுகு.
இன்னும் காயாத பின்கழுத்து.
சேவுகன் கியர் மாற்றிய குலுக்கலில்
சாக்பீஸ் ஒடிந்து ரோட்டில் போயிற்று.
நகத்தளவு துண்டால் எழுதினேன்
0:04
எழுதி முடிப்பதற்குள்
அது மூன்றா ஐந்தா